கையெழுத்துக்கு ஏழு நாள்

தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என்னைத் தகுதிக்கு மீறிப் பாராட்டிய செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நீதிபதி ஐயா அவர்களே, முட்டிவலியோடு மாடி ஏறி வந்திருக்கும் நம் மூத்த உறுப்பினர் அம்மா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். நாலு நாளாக அலைந்து இந்தக் கூட்டத்தைக் கூட்டிய பொருளாளருக்குத் தனியாக ஒரு நன்றி சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

பொருளாதார நெருக்கடி வந்தால் ஓய்வுபெற்றவர் கையிருப்பு என்ன ஆகிறது என்பதுதான் தலைப்பு. வட்டி, விலைவாசி, பங்குச்சந்தை, மருத்துவச் செலவு என்று நான்கு விஷயம் பேசுவதாக உத்தேசம்.

முதலில் வட்டி. நெருக்கடி வந்ததும் தொழிலைத் தூக்கி நிறுத்த மத்திய வங்கிகள் பெரும்பாலும் வட்டியைக் குறைக்கும். 2008 டிசம்பரில் அமெரிக்க மத்திய வங்கி தன் வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டிக் கொண்டுபோய் வைத்தது, ஏழு வருஷம் கழித்து 2015 டிசம்பரில்தான் ஏற்றியது. கடன் வாங்கியவருக்கு அது நல்ல சேதி. டெபாசிட் வட்டியில் மாதத்தை ஓட்டுகிறவருக்கு? 8 சதவீதம் 4 ஆனால் வருமானம் பாதி, ஆனால் வீட்டுச் செலவு பாதியாகாது. என் அம்மா 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பாள். ஓய்வுக்கால நிதிக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

அப்புறம் விலைவாசி. வருஷம் 7 சதவீதம் ஏறினால் பத்து வருஷத்தில் எல்லாம் இரண்டு மடங்கு, சரி, அதை விரிவாகப் பிறகு சொல்கிறேன். முதலில் என் அத்தான் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அத்தான் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்தவர். பில்லில் ஒரு எண் இடித்தால் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார், மேலதிகாரியே போன் பண்ணினாலும் அசைய மாட்டார். 2008 தொடக்கத்தில் ஓய்வு பெற்று, வந்த பணத்தை டெபாசிட் போட ஒரு வங்கிக்குப் போனார். அங்கே ஒரு தம்பி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "அங்கிள், இதுவும் டெபாசிட் மாதிரிதான், கூடுதலாக வரும், இன்றைக்கே கடைசி நாள்" என்று ஒரு கத்தைத் தாளை நீட்டியிருக்கிறார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலில் டிக் அடித்திருந்ததாம். முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் கணக்கை வரி வரியாகப் படித்த மனுஷர், தன் ஆயுள் சேமிப்புக்குக் கால் மணி நேரத்தில் பதினோரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அது பங்குச்சந்தை நிதி. அடுத்த வருஷம் மார்ச்சில் பார்த்தால் பாதிகூட இல்லை. அக்காவிடம் சொல்லவில்லை. மாதாமாதம் வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக யூனிட்டை, அதாவது அந்த நிதியில் தன் பெயரில் இருந்த பங்கை, விற்றுக்கொண்டே இருந்தார். அக்கா காது உடைந்த மூக்குக்கண்ணாடியை நூல் கட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள், "அடுத்த மாசம் மாற்றிக்கலாம்" என்று நான்கு மாதம் சொன்னாராம். ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருந்தவரை அவள் பார்த்த பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. என்னிடம் அவர் சொன்னது இதுதான்: "படிக்க எனக்கு ஒரு ராத்திரி கிடைத்திருந்தால் போட்டிருக்க மாட்டேன்ப்பா."

சந்தை பிறகு ஏறவில்லையா என்று கேட்பீர்கள். ஏறியது. அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளுடைய பங்கு விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை சுமார் 57 சதவீதம் விழுந்து, 2013இல் பழைய உச்சத்தைத் தொட்டது. சம்பளம் வருகிறவர் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கலாம். ஓய்வுபெற்றவர் அதே செலவுக்கு இரண்டு மடங்கு யூனிட்டை விற்றுச் சாப்பிட்டாக வேண்டும், விற்றது திரும்பி வராது. அதனால்தான் இரண்டு மூன்று வருஷச் செலவுக்கான பணத்தைச் சந்தைப் பக்கமே போகாமல் தனியாக வையுங்கள் என்கிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

அத்தான் தனி ஆள் இல்லை. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானபோது, அந்த நிறுவனம் ஏற்பாடு செய்திருந்த 'மினிபாண்ட்' வகைப் பத்திரங்களை வாங்கிய ஹாங்காங் மக்கள் ஆயிரக்கணக்கில் பணம் சிக்கித் தவித்தார்கள், அதில் ஏராளமானோர் முதியவர்கள். பாண்ட், அதாவது கடன் பத்திரம், என்ற பெயரைப் பார்த்து டெபாசிட் போலப் பத்திரமானது என்று நம்பியிருந்தார்கள். அவற்றை விற்றிருந்த வங்கிகள் 2009 ஜூலையில் திருப்பி வாங்க ஒப்புக்கொண்டன: முகமதிப்பில், அதாவது பத்திரத்தில் எழுதியிருந்த தொகையில், 60 சதவீதம், 65 வயது ஆனவர்களுக்கு 70 சதவீதம். முதியவர்களுக்குத் தனிக் கணக்கு போட வேண்டும் என்று அங்கே புரிந்தது, ஆனால் பணம் போன பிறகு! ஸ்பெயினிலும் சேமிப்பு வங்கிகள், டெபாசிட் போல உத்தரவாதம் இல்லாத முன்னுரிமைப் பங்குகளை வயதான வாடிக்கையாளர்கள் தலையில் கட்டின, அந்தக் கதையும் இப்படித்தான்.

ஆகவே நான் எட்டு வருஷமாக மேடைக்கு மேடை கேட்பதையே இங்கேயும் கேட்கிறேன். அறுபது வயது தாண்டியவருக்கு எந்த முதலீட்டை விற்றாலும், கையெழுத்து வாங்கும் முன் ஏழு நாள் தாள் அவர் வீட்டில் இருக்க வேண்டும், அவர் மொழியில் இருக்க வேண்டும், போட்ட பணத்தில் எவ்வளவு குறையலாம் என்பது முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். வாங்கிய பிறகு ரத்து செய்யும் உரிமை பல நாடுகளில் சில திட்டங்களுக்கு உண்டு. எனக்கு அது போதாது, போட்ட பிறகு வெட்கத்தில் வாயைத் திறக்காதவர்கள்தான் நம்மில் அதிகம். அத்தான் எத்தனை மாதம் பேசாமல் இருந்தார் பாருங்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மருத்துவச் செலவைத் தொடவே இல்லை, அடுத்த கூட்டத்தில் பேச அவர் அனுமதிக்க வேண்டும். இந்தக் கோரிக்கையை அரசுக்கு அனுப்ப ஒரு மனு எழுதி வந்திருக்கிறேன், வாசலில் பிரதிகள் இருக்கின்றன. இன்று யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப் போய், வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து படித்து, சரி என்று பட்டால் அடுத்த வாரம் போட்டுக் கொண்டு வாருங்கள். வணக்கம்.