கூடை நெறஞ்சா மடுவத்துக்கு நடக்கணும்

வணக்கம். அடுப்படியில, பஸ்ஸுல, கடையில, எங்கெங்க இருந்து கேட்டுக்கிட்டு இருக்கீங்களோ எல்லாருக்கும் வணக்கம். நான் இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் பதினெட்டு வருஷமா கொம்பியூட்டர் திருத்துறவன். இன்னைக்கு பேசப்போறது மெமரிய பத்தி, ரேம்னு சொல்றோமே, அது. ஃபோன்ல படம் சேத்து வைக்கிற கார்ட் இல்லைங்க, அது வேற. இது வேலை நடக்கிற நேரம் மட்டும் கையில வச்சிருக்கிற எடம், அதனால தான் கரண்ட் போனா சேவ் பண்ணாம டைப் பண்ணுன கடிதம் காணாம போகுது.

எங்க அம்மா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிச்சவங்க. கூடை நெறஞ்சிருச்சுன்னா மலையில இருந்து எறங்கி மடுவத்துல, அதான் கொழுந்து நிறுக்கிற எடத்துல, கொட்டிட்டு திரும்ப ஏறணும், சின்ன கூடைன்னா பறிக்கிற நேரம் பூரா நடையிலயே போயிரும். ரேம் தான் அந்த கூடை, ஹார்ட் டிஸ்க் தான் மடுவம். ரேம் நெறஞ்சா கொம்பியூட்டர் கொஞ்சத்த தூக்கிட்டு போய் டிஸ்க்ல வச்சிட்டு வரும், அது வேணும்னா திரும்ப ஓடும், இன்னொன்ன எறக்கி வைக்கும், அந்த நேரம் தான் வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது, நாம மவுஸ தட்டிக்கிட்டே இருக்கோம். ஆனா ஒண்ணு, பெரிய கூடைய மாட்டுனதால கை வேகமா பறிக்காது, கைன்னா கணக்கு போடுற புரொசெசர். இத திரும்பவும் சொல்லுவேன்.

ஒரு கதை சொல்றேன். கொரோனா நேரம், சூம் கிளாஸ் நடந்துக்கிட்டு இருந்த காலம், மழையில ஒரு அக்கா வந்தாங்க, லெப்டொப்ப பழைய சேலைத் துண்டுல சுத்தி, அதுக்கு மேல ஷொப்பிங் பேக், அதுக்கு மேல இன்னொரு பேக், அவங்க முழுசா நனைஞ்சிருக்காங்க, லெப்டொப்புல ஒரு சொட்டு இல்ல. மக ஏ.எல் படிக்குது. லெப்டொப் ஸ்லோன்னு டவுன்ல ஒரு கடைக்கு கொண்டு போயிருக்காங்க, அங்க 4 ஜீபிய கழட்டிட்டு 16 ஜீபி போட்டு குடுத்திருக்காங்க, அதுக்கு காதுத் தோட அடகு வச்சிருக்காங்க. ஆனா இன்னும் அப்பிடியே ஸ்லோ, டீச்சர் பேசுறது பாதியிலயே நிக்குதுன்னு புள்ள அழுவுதாம்.

நான் தெறந்து பாத்தேன். 16 ஜீபி இருக்குன்னு தான் காட்டுது, பக்கத்துலயே பாவிக்கக்கூடியது 3.41ன்னு இருக்கு. ஏன்னா உள்ள போட்டிருந்தது 32-பிட் விண்டோஸ். இத நம்ம ஆளுங்களுக்கு வெளங்கப்படுத்துறது லேசு. தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல, வீடு இருக்கும், வீட்டுக்கு அட்ரஸ் இருக்காது, எழுதுற கடிதம் தோட்ட ஆபீஸ் வரைக்கும் வரும், நம்ம கையில கெடைக்கிறது பெரும்பாடு, நேர்முகப் பரீட்சைக்கு கூப்பிட்ட கடிதமே திகதி முடிஞ்சு கையில வந்த கதை எத்தன வீட்டுல இருக்கு. மெமரியும் அதே தான், ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு நம்பர் வேணும். 32-பிட்ல 429 கோடி சொச்சம் நம்பர் தான் போட முடியும், அது 4 ஜீபியோட முடிஞ்சிரும், அதுலயும் கொஞ்சத்த மத்த பாகங்க எடுத்துக்கும். மிச்சம் 12 ஜீபி அட்ரஸ் இல்லாத வீடு. காசு குடுத்து வாங்குன 12 ஜீபிங்க, ஒரு அம்மாவோட தோடு.

64-பிட் விண்டோஸ் மாத்தி, ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா வேகமா ஓடுற எஸ்எஸ்டி சின்னதா ஒண்ணு போட்டேன், கிளாஸ் நிக்காம ஓடுச்சு. அந்த புள்ளைக்கு 8 ஜீபியே தாராளம். 4ல இருந்து 8 போனா வித்தியாசம் நல்லா தெரியும், அதே வேலைக்கு 16, 32ன்னு போனா ஒண்ணும் தெரியாது. பெரிய கூடை, அதே கை. இத கடைக்காரங்க சொல்லணும், சொல்லாம விக்கிறது பாவம்.

சரி, அப்ப பெரிய மெமரி யாருக்கு தான் வேணும்? முதல்ல எங்க இருந்து வந்தோம்னு பாருங்க. ரொபர்ட் டெனார்டுன்னு ஐபிஎம் கம்பனியில இருந்தவர் 1966ல கண்டுபுடிச்ச மெமரி முறை தான் இன்னைக்கும் ஓடுது. ஒரு பிட்டுக்கு, அதாவது ஒரு 0 இல்லாட்டி 1க்கு, ஒரு சின்ன வாளி, ஆனா ஓட்டை வாளி, சார்ஜ் ஒழுகிக்கிட்டே இருக்கும், அதனால வழக்கமா 64 மில்லிசெக்கனுக்கு ஒருக்கா திரும்ப நெரப்பணும், செக்கனுக்கு பதினஞ்சு தடவை மாதிரி. 1970ல இன்டெல் வித்த சிப்புல 1024 பிட், இன்னைக்கு நாம ஃபோன்ல எழுதுற தமிழ்ல ஒரு சின்ன வரி தான் கொள்ளும். 2021ல சாம்சுங் ஒரே ரேம் குச்சியில 512 ஜீபின்னு அறிவிச்சாங்க, சிப்ப 8 அடுக்கா அடுக்கி நடுவால நுணுக்கமா ஓட்டை போட்டு தொடுத்தது.

அது சர்வருக்கு, நிறைய பேருக்கு வேலை செய்யிற பெரிய கொம்பியூட்டருக்கு. அந்த மாதிரி கொம்பியூட்டர் செய்யிற வேலையில எனக்கு ரொம்ப முக்கியம்னு படுறது மழை. வானிலை கணிக்கிற கொம்பியூட்டர் பூமிய கட்டம் கட்டமா பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துக்கும் காத்து, ஈரம், சூடு, அமுக்கம் எல்லாத்தையும் மெமரியில புடிச்சு வச்சுக்கிட்டு தான் கணக்கு போடுது. கட்டம் 50 கிலோமீட்டர்னா வட்டவளையும் வெலிமடையும் ஒரே கட்டத்துக்குள்ள விழுந்திரலாம். வட்டவளையில கொட்டு கொட்டுன்னு கொட்டுற நேரம் வெலிமடையில வெயில் அடிக்கும்னு நமக்கு தெரியும், அந்த கட்டத்துக்கு தெரியாது. கட்டத்த பாதியாக்குனா நீளத்துல ரெண்டு, அகலத்துல ரெண்டு, நாலு மடங்கு மெமரி, உயரத்தையும் பாதியாக்குனா எட்டு மடங்கு. 2025 நவம்பர்ல டிட்வா புயல்ல மலை சரிஞ்சு நம்ம ஆளுங்க மண்ணுக்குள்ள போனத பாத்தோம். எந்த சரிவுக்கு மேல எவ்வளவு மழைன்னு கிட்டத்துல பாக்கணும்னா இந்த பெரிய கூடை வேணும், இங்க கை பத்தாதுன்னு இல்ல, கூடையே பத்தாது. மெமரி மட்டும் போதாது, மழை அளக்கிற மானியும் மலைக்கு மலை வேணும், அது தனியா பேசவேண்டிய விசயம்.

ஏஐ பத்தியும் சொல்ல இருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடியுதுன்னு கை காட்டுறாங்க, சுருக்கமா சொல்லிர்றேன். அதுக்கு எச்பிஎம்னு வேற வகை மெமரி, ஏஐ கார்டு செய்யிற என்விடியா கம்பனியோட எச்200ன்னு ஒரு கார்டுலயே 141 ஜீபி. அத செய்யிறதும் சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன், நம்ம லெப்டொப் ரேம்ல பெரும்பங்க செய்யிறதும் அதே மூணு பேரு, அவங்க அந்தப் பக்கம் திரும்புனதால தான் 2025 கடைசியில இருந்து கடையில ரேம் வெல ஏறிக்கிட்டு இருக்கு. அதனால பழைய லெப்டொப்ப எடைக்கு போடுறதுக்கு முன்னால பின்பக்கத்த கழட்டி ரேம எடுத்து வச்சுக்கங்க, ரேம்ல டிடிஆர்3, டிடிஆர்4ன்னு தலைமுறை இருக்கு, எதுன்னு ஸ்டிக்கர பாத்து கண்டுபுடிக்கலாம், ரெண்டும் ஒண்ணுல ஒண்ணு ஏறாது. வணக்கம்.