ஸ்டோவும் ஸ்டோரும் ஒண்ணா?

தண்டையார்பேட்டையிலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. ஷிப்பிங் ஆபீஸ்ல புதுசா சேர்ந்திருக்காராம். பி.எல்.லுல (பில் ஆஃப் லேடிங், கப்பல் கம்பெனி சரக்குக்குக் கொடுக்கிற ரசீது) 'ஷிப்பர்ஸ் லோட், ஸ்டோ அண்ட் கவுன்ட்'னு இருக்கே, இந்த 'ஸ்டோ' 'ஸ்டோர்'க்கு எழுத்துப்பிழையான்னு.

பிழை இல்ல தம்பி, அது வேற வார்த்தை. எஸ், டி, ஓ, டபிள்யூ. 'கோ' மாதிரி இழுத்துச் சொல்லணும். பழைய இங்கிலீஷ்ல இதுக்கு 'இடம்'னுதான் அர்த்தம்.

ஸ்டோர்னா பின்னாடி எடுத்துக்கலாம்னு வெக்கிறது. ஸ்டோன்னா பயணத்துல நகராத மாதிரி அடுக்கி முட்டுக் கொடுக்கிறது. காசிமேட்டுல போட் கெளம்புறதுக்கு முன்னாடி வலை, கயிறு, கேன் எல்லாம் அலையில உருளாம ஒதுக்கிக் கட்டுவாங்க இல்ல, அது ஸ்டோ. அதே வலையை கரையில ஷெட்டுல போட்டுப் பூட்டினா ஸ்டோர்.

கன்டெய்னருக்கு வாங்க. உள் அகலம் சுமார் 2.35 மீட்டர். 1.2க்கு 1 மீட்டர் பேலட்ட (சரக்கு அடுக்குற பலகை) ஒரு வரிசை அகலவாக்குல, ஒரு வரிசை நீளவாக்குல வெச்சா 2.2 ஆச்சு. மிச்சம் 15 சென்டிமீட்டர். அந்தச் சந்துதான் வில்லன். கட்டையோ காத்துப்பையோ வெச்சு அடைக்கலன்னா, கடலுக்குப் போகவே வேணாம், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ட்ரெய்லர் ரெண்டு பிரேக் போட்டாலே சரக்கு சாயும். கனமானதை மேலயும் லேசானதை கீழயும் வெச்சாலும் கதை அதேதான், கீழ் அட்டைப்பெட்டி நசுங்கிரும்.

இப்ப அந்த வரிக்கு அர்த்தம் புரியுதா? ஏத்துனது, அடுக்குனது, எண்ணுனது எல்லாம் அனுப்புறவர்தான், நாங்க உள்ள பாக்கலன்னு கப்பல் கம்பெனி சொல்லுது. சீல் உடையாம வந்து உள்ள சரக்கு நசுங்கியிருந்தா, பொதுவா பேச்சு ஷிப்பர் பக்கம்தான் திரும்பும்.

கப்பல்ல எந்த பாக்ஸ் எங்கன்னு காட்டுறது ஸ்டோவேஜ் பிளான். 010382ன்னு போட்டிருந்தா பே 01 (கப்பல் நீளவாக்குல இடம்), ரோ 03 (குறுக்குவாக்குல இடம்), டயர் 82 (உயரத்துல அடுக்கு). 82ன்னா டெக் மேல முதல் அடுக்கு. ஹோல்டுக்குள்ள, அதாவது டெக்குக்குக் கீழ இருக்கிற சரக்கு அறையில, அடியிலேர்ந்து 02, 04ன்னு ஏறும்.

ஸ்டோ-அவேன்னா டிக்கெட் இல்லாம ஒளிஞ்சு வர்ற ஆள். ஃப்ளைட்ல 'ட்ரே டேபிளை ஸ்டோ பண்ணுங்க'ன்னா மடிச்சுப் பூட்டுங்கன்னு அர்த்தம்.

ஒண்ணு மட்டும் மாத்தி எழுதிராதீங்க. யார்டுல பெட்டி நிக்கிற நாளுக்கு வாங்குறது ஸ்டோரேஜ் சார்ஜ். அங்க ஸ்டோவேஜ்னு டைப் பண்ணா பார்ட்டி பில்லைத் திருப்பி அனுப்பிருவாரு.