திங்கள் முதல் வெள்ளி வரை ஓட்டுவோம்

பெரியோர்களே, அண்ணன் அக்காமார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

நம் பினாங்கு ஜார்ஜ்டவுனில் சைக்கிள் வாரம் நடத்தலாம் என்று பேச்சு எழுந்ததும் கமிட்டியில் முதலில் வந்தது டி-சட்டைப் பிரச்சினை. என்ன நிறம், யார் படம் போடுவது என்று நேரம் போனது. அடுத்து ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம், அப்புறம் நாசி லெமாக் சாப்பாடு, லக்கி டிரா.

ஞாயிறு காலையில் ஓட்ட இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. குவீன்ஸ்பே பக்கம் கடலோரப் பாதையில் போய்ப் பாருங்கள், தெரியும். திங்கட்கிழமை காய்கறி வாங்கவும் பள்ளிக்கூடம் போகவும் யார் ஓட்டுகிறார்கள்? நம் வாரம் திங்களில் தொடங்கி வெள்ளியில் முடியட்டும்.

சைக்கிள் நமக்குப் புதிதில்லை. ரொட்டி பாய் சைக்கிளில்தான் வந்தார். கச்சாங் பூத்தே, அதான் கடலை விற்றவரும் அப்படித்தான். இப்போதோ அர்மீனியன் ஸ்ட்ரீட் சுவரில், 2012-ல் எர்னஸ்ட் சக்கரெவிக் வரைந்த பிள்ளைகளோடு நிற்கும் சைக்கிளுக்குத்தான் மவுசு. ஊரிலேயே நிறுத்த இடம் உறுதியாகக் கிடைத்த ஒரே சைக்கிள் அதுதான்!

வீட்டில் சைக்கிள் இல்லாமலா இருக்கிறது? ஃபிளாட் வராந்தாவில் பாருங்கள். டயரில் காற்று இருக்காது, சங்கிலி துருவேறியிருக்கும், பிரேக்கை அழுத்தினால் கைப்பிடி வரை வரும். பாதிப் பேர் ஓட்டாததற்குக் காரணம் இவ்வளவுதான். ஆகவே முதல் நாள் மண்டப வாசலில் ஒரு மேசை, இரண்டு மெக்கானிக், ஒரு பம்ப். டி-சட்டைக்கு ஒதுக்கும் பணத்தில் டியூபும் பிரேக் கட்டையும் வாங்குவோம்.

அடுத்தது பயம். இதைச் சிரித்துத் தள்ளக் கூடாது. கொம்தார் கோபுரத்திலிருந்து லெபோ பசார் தெருவுக்கு சைக்கிளில் பத்து நிமிடம்கூட ஆகாது, தரையும் சமதளம். ஆனால் ஓரத்தில் நிற்கும் காரின் கதவு எப்போது திறக்கும் என்று யாருக்குத் தெரியும்? காரை ஒட்டிப் போகாமல் ஒரு கதவு திறக்கும் அளவு தள்ளிப் போக வேண்டும். பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். இதைச் சொல்லித் தந்தால் போதாது, கூடவே ஓட்டிக் காட்ட வேண்டும். பிள்ளைகளைத் தனியாக விடாமல், முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒருவர் என்று வீடு வீடாகச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்குப் போவோம். ஒருவழிப்பாதை நமக்கும் ஒருவழிப்பாதைதான், அதில் குறுக்கு வழி வேண்டாம்.

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பட்டர்வொர்த் சொந்தங்களும் வரலாம். 2023-ல் வந்த புது ஃபெர்ரியில் கார் ஏறாது, சைக்கிள் ஏறும்.

தேதி விஷயம். செப்டம்பர் 22, கார் இல்லா நாளை ஒட்டி வைக்கலாம் என்றார்கள். செப்டம்பர், அக்டோபரில் நம் ஊர் மழை தெரியுமில்லையா? ஐ.நா. 2018-ல் ஜூன் 3-ஐ உலக சைக்கிள் நாளாக அறிவித்திருக்கிறது. அந்த வாரம் சரியாக இருக்கும். வெயிலைத் தவிர்க்கக் காலையிலேயே கிளம்பிவிடலாம்.

மாநகராட்சிக்குக் கடிதம் மலாயில் போக வேண்டும். நன்றாக எழுதத் தெரிந்த தம்பி, தங்கைகள் கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வாருங்கள், இன்றே எழுதிவிடுவோம்.