எழுதும் முன் கேட்க வேண்டியவை

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

பிறருக்காக எழுதிக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையின் அறிவிப்பு, தங்கும் விடுதியின் விளம்பரம், கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை, தேயிலைப் பொட்டலத்தின் மேல் அச்சாகும் நான்கு வரி என்று நம் நீலகிரியில் இந்த வேலை பல வடிவங்களில் நடக்கிறது. எல்லாவற்றிலும் எழுதுபவர் இருவருக்கு நடுவில் நிற்கிறார். பணம் கொடுத்து எழுதச் சொல்பவர் ஒருவர். அதைப் படித்து ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டியவர் மற்றொருவர். இந்த இருவரும் பெரும்பாலும் நேரில் உட்கார்ந்து பேசிக்கொள்வதில்லை. ஆகவே இருவருக்கும் உள்ள கேள்விகளை எழுதுபவர்தான் கேட்டாக வேண்டும். மொழிநடை சரியில்லாமல் வீணாகும் எழுத்தைவிட, கேட்க வேண்டியதைக் கேட்காமல் எழுதியதால் வீணாகும் எழுத்தே அதிகம் என்பது என் அனுபவம்.

ஒரு தொழிற்சாலை தன்னிடம் பசுந்தேயிலை கொடுக்கும் சிறு விவசாயிகளுக்கு ஓர் அறிவிப்பு வேண்டும் என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். "தரமான இலையைத்தான் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று நல்ல தமிழில் எழுதிக் கொடுங்கள்" என்பார் மேலாளர். அதை அப்படியே கேட்டுக்கொண்டு வந்து எழுதினால் அறிவிப்பு கிடைத்துவிடும். கொழுந்து பறிக்கும் முறை மாறாது. "மூட்டையைப் பிரித்ததும் எதைப் பார்த்து வேண்டாம் என்கிறீர்கள்?" என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். அப்போதுதான் விவரங்கள் வெளியே வரும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக வர வேண்டிய கொழுந்தில் முற்றிய இலையும் காம்பும் கலந்திருக்கின்றன என்பார். சாக்கில் அழுத்தி அடைத்து நெடுநேரம் வைத்ததால் இலை சூடேறிச் சிவந்துவிடுகிறது என்பார். மழைக்காலத்தில் ஈரத்துக்காக எடையைக் கழிக்கும்போது தகராறு வருகிறது என்பார். முதலாவது, பறிப்பவரின் கைக்குச் சொல்ல வேண்டிய செய்தி. இரண்டாவது, மூட்டை கட்டுபவரும் வண்டிக்காரரும் கேட்க வேண்டியது. மூன்றாவதோ விவசாயியின் தவறே இல்லை, தொழிற்சாலை தன் கணக்கை அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய கடமை. மூன்றையும் தரம் என்ற ஒரே தலைப்பில் அடக்கி எழுதினால் மூவரில் ஒருவரும் அது தனக்குச் சொன்னது என்று எடுத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்து விவசாயியின் பக்கம் நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறது என்பதும், தேயிலை வாரியம் மாதந்தோறும் பசுந்தேயிலைக்கு ஒரு சராசரி விலையை அறிவிக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். நல்ல கொழுந்தாகப் பறித்தால் எடை குறையும், கூலி கூடும் என்பதும் தெரியும். அந்த நட்டத்தை ஈடுகட்ட அறிவித்த விலைக்கு மேல் ஏதாவது கிடைக்குமா என்பதைத்தான் அவர் அறிவிப்பில் தேடுவார். எழுதுபவர் இதை மேலாளரிடம் கேட்டால் சில நேரம் அவருக்குக் கோபம்கூட வரலாம். ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கு விடை இல்லாத வரை அந்த அறிவிப்பு எழுதப்படும் நிலைக்கு வரவில்லை என்றே நான் கருதுகிறேன்.

யாருக்காக எழுதுகிறோம் என்பதையும் இந்த மலையில் எளிதாக முடிவுகட்டிவிட முடியாது. வீட்டில் படுகு மொழி பேசுபவர், 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தில் பிறந்தவர், கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மலையாளம் பேசுபவர் என்று எல்லோரும் ஒரே தமிழ் அறிவிப்பைத்தான் படிக்கிறார்கள். கோத்தகிரிப் பக்கம் இலை எடைபோடும் இடம் ஒன்றில், ஓர் அறிவிப்பின் வரைவை வயதான அம்மா ஒருவரிடம் கொடுத்து, "அம்மா, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று அவர் அதைப் பேத்தியிடம் நீட்டினார். பேத்தி தமிழில் வாசிக்க, அவர் அதைப் படுகு மொழியில் பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். எந்த வாக்கியத்தை அவர் தயங்காமல் சொன்னார், எங்கே நிறுத்திப் பேத்தியை மறுபடி வாசிக்கச் சொன்னார், எதைச் சொல்லாமலே தாண்டிப்போனார் என்பதைக் கவனித்தபோது, எங்கே திருத்த வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அன்று முதல், அச்சுக்குப் போகும் எதையும், படிக்க வேண்டியவர் ஒருவர் தம் மொழியில் திருப்பிச் சொல்லிக் கேட்காமல் நான் அனுப்புவதில்லை.

எழுதச் சொன்னவரிடம் மறுப்புச் சொல்வது இந்தத் தொழிலில் கடினமான பகுதி. பச்சைத் தேயிலை (கிரீன் டீ) பொட்டலத்தில் "சர்க்கரை நோயைக் குணமாக்கும்" என்று போடச் சொல்வார் ஒரு வியாபாரி. பக்கத்துக் கடைக்காரர் போட்டிருக்கிறாரே என்றும் கேட்பார். அதெல்லாம் கூடாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னால் வேறொருவரிடம் எழுதி வாங்கிக்கொள்வார். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நலனிலிருந்து பேசத் தொடங்குவதே நல்லது. உணவுப் பொருளுக்குத் தவறான விளம்பரம் செய்தால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. எந்தெந்த நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று அது தரும் பட்டியலில் சர்க்கரை நோயும் உண்டு. இதைச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு எழுந்து வந்துவிடக் கூடாது. அந்த இடத்தில் போட வேறு வரியைக் கையோடு கொடுக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றினால் பச்சைத் தேயிலை கசக்கும். நீரைச் சற்று ஆறவிட்டு ஊற்றி, இரண்டு மூன்று நிமிடத்தில் வடிகட்டிவிட வேண்டும். இது அச்சில் இருந்தால் வாங்கியவருக்குப் பயன்படும், தேநீரும் நன்றாக வரும், அவர் மறுபடியும் அதே பொட்டலத்தைத் தேடி வருவார். வியாபாரி எதிர்பார்த்ததும் அதுதானே?

விடுதி விளம்பரங்களைப் பற்றி ஒரு சொல் போதும். இயற்கை எழிலைப் பற்றிப் பத்து வரி எழுதிவிட்டு, நீலகிரிக்குள் வர வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் என்ற இணையவழி அனுமதிச் சீட்டு தேவை என்பதை விட்டுவிட்டால், குடும்பத்தோடு கிளம்பி வந்தவர் சோதனைச் சாவடியில் நிற்கும்போது நம் எழுத்து அவருக்கு உதவாது.

மக்களைப் பற்றி எழுதும்போது பொறுப்பு இன்னும் கூடுகிறது. நம் மலையின் பழங்குடியினரான தோடர்களின் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால், முன்கூட்டி வரைந்துகொள்ளாமல், துணியின் இழைகளை எண்ணியே பெண்கள் பின்னும் வேலை அது. அதற்கு ஒரு விவர அட்டை எழுதச் சொன்னால், வாங்குபவரைக் கவரப் பழங்கதைகளைச் சேர்க்கும் ஆசை வரும். அட்டையில் உள்ள ஒவ்வொரு வரியையும் பின்னிய பெண்கள் முன்னால் வாசித்துக் காட்டி, அவர்கள் ஒப்புக்கொள்ளாததை நீக்கிவிட வேண்டும். இதற்கென்று ஒரு நாள் கூடுதலாக ஆகும் என்பதைப் பணம் கொடுப்பவரிடம் முதலிலேயே சொல்லி, அந்த நாளுக்கும் சேர்த்தே கூலி பேச வேண்டும்.

கூலி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எத்தனை முறை திருத்தித் தருவோம், கடைசியில் சரி என்று சொல்லப்போவது யார், முன்பணம் எவ்வளவு என்பவற்றைப் பேசி முடித்த அன்றே வாட்ஸ்அப்பில் நான்கு வரி எழுதி அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர், உறவினர் என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள். மனக்கசப்பு வருவது பெரும்பாலும் தெரிந்தவர்களிடம்தான்.

அச்சாகிச் சுவரில் ஒட்டிய பிறகும் எழுதியவருக்கு அங்கே வேலை இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து, இலை எடைபோடும் இடத்துக்கு ஒரு மாலையில் போய் நில்லுங்கள். அறிவிப்பு ஒட்டியிருக்கும்போதே மக்கள் எழுத்தரிடம் எதை வாய்விட்டுக் கேட்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த அறிவிப்பை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.