வளர்ற புள்ளைக்கு மேடை உடுப்பு: 1860கள் அமெரிக்கப் பாட்டுக் குடும்பங்களோட தையல் கணக்கு

வணக்கம். அந்தக் காலத்துப் பாட்டுக் குடும்பத்துப் புள்ளைங்க போட்ட மாதிரி மேடை உடுப்பை இப்போ நாம தைக்கிறதுன்னா எப்படின்னு பார்ப்போம். நேரா துணிக்கே போயிடலாம்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுல குடும்பம் குடும்பமா ஊர் ஊரா போய் கச்சேரி பண்ணுவாங்க. நியூ ஹாம்ப்ஷயர் மில்ஃபோர்டுல இருந்து வந்த ஹட்சின்சன் குடும்பம், கைமணி அடிச்ச பீக் குடும்பம், இப்படிப் பல பேர். ஹட்சின்சன் குடும்பத்துக் கடைக்குட்டி ஆபி, 1842 வாக்குல அண்ணன்மாரோட பாட வந்தப்போ அவங்களுக்கு 12, 13 வயசுதான். மேடையில நிக்கிற புள்ள வளர்ந்துக்கிட்டே இருக்கும், உடுப்பு வளராது. மொத்தச் சிக்கலும் இதுதான்.

பாவாடையில இருந்து வருவோம். அந்தக் கால வழக்கப்படி சின்னப் பொண்ணுக்கு முழங்காலுக்குக் கீழ நிக்கிற பாவாடை, வயசு ஏற ஏற கீழ இறங்கணும். அதனால உடம்பு வளர்ச்சிக்கு மட்டும் துணி விட்டா பத்தாது. ஒரு அங்குல டக் (துணியை மடிச்சுத் தைச்சு வைக்கிற மடிப்பு, புள்ள வளர்ந்ததும் பிரிச்சு விடலாம்) மூணு பிடிங்க. ஒவ்வொண்ணும் 2 அங்குலத் துணி சாப்பிடும், ஆக 6. தைச்ச நீளம் 20, கீழ் மடிப்பு 3, இடுப்புத் தையலுக்கு அரை: மொத்தம் 29½ அங்குலம். 27 அங்குல அகலத் துணியில நாலு துண்டு வெட்டினா 118 அங்குலம். மூணேகால் கெஜம் வாங்குனா ஒரு அங்குலம் இடிக்கும், மூணரையா வாங்கிடுங்க.

டக்கை ஒரு நூல் சங்கிலித் தையல்ல போடுங்க. அந்தக் காலத்து வில்காக்ஸ் அண்ட் கிப்ஸ் தையல் மிஷின் போடுறது அந்தத் தையல்தான். முடியுற பக்கத்து நூலை இழுத்தா சரசரன்னு பிரிஞ்சு வந்துடும். முடிச்சை மட்டும் ஒழுங்கா கட்டுங்க, இல்லைன்னா பாதிப் பாட்டுல பாவாடை நீளமாயிடும்!

பிரிச்சதும்தான் வினை. டக்குக்கு உள்ள இருந்த ஒரு அங்குலம், அது மூடியிருந்த ஒரு அங்குலம், ரெண்டும் வெளுக்காம அடர் நிறத்துல 2 அங்குலப் பட்டையா தெரியும். நடுவுல ஊசித் துளை வேற. ஒத்த வரிசை நாடா இதை மறைக்காது. பழைய மடிப்பு விளிம்புல ஒண்ணு, துளை மேல ஒண்ணு, பட்டை முடியுற இடத்துல ஒண்ணுன்னு அங்குலத்துக்கு ஒரு வரிசை ஓட்டுங்க. வேணும்னே வச்ச அலங்காரம் மாதிரி ஆயிடும். அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி எல்லாருக்கும் ஒரே மாதிரி உடுப்புன்னா, ஒரு புள்ளைக்கு ஓட்டுனதை எல்லாருக்கும் ஓட்டணும்.

கை. அந்தக் காலத்து வெட்டுல தோள் தையல் கீழ இறங்கி இருக்கும், கையைத் தூக்கினா மொத்த மேல்சட்டையும் கூடவே ஏறும். பாட மட்டும் செய்ற புள்ளைக்குப் பரவாயில்லை. மணி அடிக்கிற, ஃபிடில் வாசிக்கிற புள்ளைக்குக் கக்கத்துல 2½ அங்குலச் சதுரத் துண்டு ஒண்ணு மூலைவாட்டமா வச்சுத் தைங்க. இல்லைன்னா கிழியுறது முதல்ல அந்த இடம்தான்.

பழைய போட்டோவைப் பார்த்து நிறம் எடுக்காதீங்க. அப்போ போட்டோ எடுக்கப் பயன்பட்ட கொலோடியன் பூசின தட்டுக்கு நீலம் வெள்ளையா விழும், சிவப்பு கருப்பா விழும். போட்டோவுல கருப்பா தெரியுற ஜூவாவ் ஜாக்கெட் (ஜூவாவ் சிப்பாய் உடுப்பு மாதிரி குட்டை ஜாக்கெட்) நல்ல சிவப்பா இருந்திருக்கலாம்.

துணி? கம்பளிதான், மெல்லிசான மெரினோ ஆட்டுக் கம்பளி. கஞ்சி போட்ட டார்லட்டன்ங்கிற மெல்லிசு பருத்தித் துணி மேடையில பளிச்சுன்னு நிக்கும், ஆனா நெருப்பு பட்டா நொடியில போயிடும். 1861 செப்டம்பர்ல ஃபிலடெல்ஃபியா கான்டினென்டல் தியேட்டர்ல ஒரு நடனப் பெண்ணோட உடுப்புல பிடிச்ச தீ, குறைஞ்சது ஆறு பேரைக் கொண்டுபோச்சு. குள்ளமான புள்ளைங்களை முன் வரிசையில நிறுத்துவோம், அந்தக் காலத்துல தீ எரியுற மேடை விளக்கும் அங்கதான் இருக்கும். தீப்பிடிக்காம இருக்க சோடியம் டங்ஸ்டேட்ங்கிற உப்புக் கரைசல்ல துணியை முக்குற முறை அப்பவே இருந்துச்சு, ஆனா துவைச்சா போயிடும், திரும்ப முக்கணும். கம்பளி கருகும், சுலபத்துல பத்திக்கிட்டு எரியாது. நாடாவையும் கம்பளியிலயே எடுங்க. பாலியெஸ்டர் நாடா உருகித் தோல்ல ஒட்டிக்கும்.