அலமாரிக்குப் பின்னால் ஓர் அலமாரி

வணக்கம் நேயர்களே. மருத்துவமனையில் பொருட்செலவைக் குறைப்பது பற்றி இன்று பேசுவோம். அதற்கு முன், 2020 பிப்ரவரி 7 நினைவிருக்கிறதா? வெள்ளிக்கிழமை. சிங்கப்பூரில் கோவிட் எச்சரிக்கை ஆரஞ்சு நிலைக்கு உயர்ந்த நாள். அன்று மாலையே பேரங்காடிகளில் அரிசி, மீ என்கிற நூடுல்ஸ், கழிவறைத் தாள் என்று எல்லாவற்றுக்கும் வரிசை. கையிருப்பு போதுமான அளவு இருக்கிறது என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டே இருந்தது. நாம் கேட்டோமா? நான் கேட்கவில்லை. அரிசி மூட்டை இரண்டைத் தள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தாதியாக நான் வேலை பார்த்த வார்டில் இந்த வெள்ளிக்கிழமை வாராவாரம் வரும். சனி, ஞாயிறில் ஸ்டோரிலிருந்து யாரும் பொருள் நிரப்ப வரமாட்டார்கள். நடுராத்திரியில் டிரிப் குழாய் தீர்ந்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? அதனால் பத்து வேண்டிய இடத்தில் இருபது எழுதுவோம். மிஞ்சியதைத் திருப்பி அனுப்ப மாட்டோம். அலமாரிக்குப் பின்னால் ஒன்று, மேசை இழுப்பறையில் ஒன்று, துணி அடுக்குக்கு அடியில் ஒன்று. நானும் பதுக்கியவள்தான், மறைக்கவில்லை. ஒருமுறை வார்டைச் சுத்தம் செய்தபோது, காலாவதியாகி இரண்டு வருடமான குழாய்கள் ஒரு பெட்டி நிறையக் கிடைத்தன. என் கையெழுத்தே அதன்மேல் இருந்தது!

மருத்துவமனைச் செலவில் சம்பளத்துக்கு அடுத்தபடியாகப் பெரியது பெரும்பாலும் பொருட்செலவுதான். கையுறை, சிரிஞ்சு, பஞ்சு, பிளாஸ்டர் முதல் இடுப்பில் வைக்கும் செயற்கை மூட்டு வரை. விலை பேசுவதற்கு இங்கே நல்ல ஏற்பாடு இருக்கிறது. 2018-இல் ஆல்ப்ஸ் என்ற அமைப்பு உருவானது. பொது மருத்துவமனைகளுக்காகச் சேர்த்து வாங்குகிறது. ஒரே குரலில் கேட்டால் விலை இறங்கும், தேக்கா சந்தையில் காய்கறி வாங்குகிற எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒரு நோயாளிக்கு எத்தனை செலவாகிறது, எத்தனை குப்பைக்குப் போகிறது? அது வார்டில் முடிவாகிறது. விலையைக் குறைப்பது வேறு, செலவைக் குறைப்பது வேறு. இதை இன்னொரு தடவையும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிளாஸ்டர் கதை. டிரிப் ஊசி ஏற்றிய இடத்தில், உள்ளே தெரியும்படி ஒன்று ஒட்டுவோமே, அது. ஒரு காலத்தில் மலிவான வகைக்கு மாற்றினார்கள். யார் முடிவு எடுத்தது? மேசையில் உட்கார்ந்து பட்டியல் பார்த்தவர்கள். வார்டில் ஒருவரையும் கேட்கவில்லை. நம் ஊர் வெக்கையில் வியர்த்தால் அதன் ஓரம் எழும்பிவிடும். மேலே இன்னொன்று ஒட்டுவோம். அதுவும் எழும்பும். கடைசியில் ஊசியே நழுவி வந்துவிடும். அப்புறம் புது ஊசி, புது பஞ்சு, புது பிளாஸ்டர், ஒரு தாதியின் கால் மணி நேரம். ஒரு பாட்டி என்னைப் பார்த்ததும் கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். "என்னம்மா, மறுபடியும் குத்தப் போறியா?" பட்டியலில் மட்டும் பிளாஸ்டர் மலிவு. சொன்னேன் அல்லவா, விலை வேறு, செலவு வேறு.

அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் லாரன்ஸ் மைல்ஸ் என்று ஒரு பொறியாளர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கேட்ட பொருள் கிடைக்காது. அந்தத் தட்டுப்பாட்டில் அவர் வேறு மாதிரி யோசித்தார். பொருளின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடாமல், அது செய்கிற வேலை என்ன, அதே வேலையை வேறு எது செய்யும் என்று கேட்டார். மதிப்புப் பகுப்பாய்வு என்ற துறையே அங்கிருந்துதான் பிறந்தது. பிளாஸ்டரின் வேலை என்ன? ஊசியை அசையாமல் பிடிப்பது. பிடிக்கிறதா இல்லையா என்பது யாருக்குத் தெரியும்? ஒட்டுகிறவருக்குத்தான்.

அதனால் பொருட்செலவைக் குறைக்க எங்களிடம் ஒரு குழு அமைத்தபோது, ஒட்டுகிறவர், தூக்கி வருகிறவர், எண்ணுகிறவர் எல்லாரும் இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். வார்டு தாதி ஒருவர், மருத்துவர் ஒருவர், கிருமித்தொற்றுத் தடுப்புப் பிரிவு, கணக்குப் பிரிவு, கொள்முதல் பிரிவு, ஸ்டோரில் தள்ளுவண்டி தள்ளும் ஓர் அண்ணன். தினமும் விடிகாலையில் மலேசியாவின் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி வருபவர். முதல் மூன்று கூட்டங்களில் அவர் வாயே திறக்கவில்லை. குளிரூட்டிய அறை, பெரிய திரை, எல்லாம் ஆங்கிலம். பாவம், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் சொல்ல எதுவும் இல்லை என்று நினைத்த ஆட்களும் இருந்தார்கள்.

நான்காவது கூட்டத்தை ஸ்டோருக்கே மாற்றினோம். மருத்துவர் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்தார். அண்ணன் தன் இடத்தில் நின்றார், பேசினார். "மிஸ்ஸி, வெள்ளிக்கிழமை நீங்க கேக்குறது ஒரு கணக்கு. திங்கக்கிழமை வந்து பாத்தா அங்க கெடக்குறது வேற கணக்கு. ஞாயித்துக்கிழமை காலையில ஒருத்தரு ஒரு சுத்து வந்தா போதும், நீங்க ஒளிச்சு வெக்கவே வேணாம்." எத்தனை மாதமாகக் கணினியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தோம்! அவர் சொன்னபடி ஞாயிறு காலை ஒரு சுற்று போட்டுப் பார்த்தோம். வெள்ளிக்கிழமைப் பட்டியல் தானாகவே சுருங்கியது. எந்தச் சுற்றறிக்கையும் தேவைப்படவில்லை.

இரட்டைப் பெட்டி முறையையும் பிறகு கொண்டுவந்தோம். முன்பெட்டி காலியானால் அதை வெளியே எடுத்து வைக்க வேண்டியதுதான், அதுவே ஆர்டர். பின்பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே முன்பெட்டி நிரம்பி வந்துவிடும். டொயோட்டா கார் நிறுவனத்தின் பொறியாளர் தைச்சி ஓனோவுக்கு இந்த யோசனை அமெரிக்கப் பேரங்காடிகளிலிருந்து வந்தது. அலமாரியில் எடுத்த அளவுக்குத்தானே அங்கே திரும்ப நிரப்புவார்கள். நம் சமையலறையில் சீரக டப்பாவுக்கு இரண்டு வைத்திருப்பவர்கள் ஏற்கனவே இதைத்தான் செய்கிறார்கள்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டோம். மிச்சமான பணம் எங்கே போனது என்று வார்டில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது. முதல் முறை நாங்கள் சொல்லவில்லை, ஆளும் வரவில்லை. அடுத்த முறை, இதனால்தான் உங்களுக்குப் புதுச் சக்கர நாற்காலி வந்தது என்று காட்டினோம். கதை மாறியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். அறுவைச் சிகிச்சைக் கூடத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வந்தேன், பாதியை விழுங்குகிறேன். ஒவ்வோர் அறுவை மருத்துவருக்கும் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கும். பழைய பட்டியல்களைப் பார்த்தால், திறந்துவிட்டுத் தொடாமல் வீசப்படுகிற பொருள்கள் அதில் நிறைய இருக்கும். உறையைப் பிரித்துவிட்டால் அப்புறம் அடுத்தவருக்குப் பயன்படுத்த முடியாது. மருத்துவரும், அவருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் தாதியும் சேர்ந்து உட்கார்ந்து, எது மேசையில் திறந்திருக்க வேண்டும், எது கேட்டால் மட்டும் திறக்க வேண்டும் என்று பிரித்தால் போதும். நாங்கள் பிரித்த ஒரு பட்டியலில் ஒரு தையல் நூல் இருந்தது. அதைக் கேட்ட மருத்துவர் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது. நூல் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தவரும்... சரி, விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம் நேயர்களே.