6 சரியா, 204 சரியா? வீட்டு எண் புதிர் பற்றி ஒரு சந்தேகம்

அல்சூரிலிருந்து ஒரு நேயர் அனுப்பியிருக்கும் கேள்வி எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. ஞாயிறு தோறும் கூடிப் புதிர் போடும் அவருடைய நண்பர்கள், சென்ற பேச்சில் நான் சொன்ன வீட்டு எண் புதிரை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் விடை 6 என்கிறார். மற்றொருவர் 204 என்று அடித்துச் சொல்கிறார். தோற்றவர் அனைவருக்கும் மசால் தோசை வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம் வேறு. எது சரி என்பதே அவருடைய சந்தேகம்.

புதிரைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். ஒரு தெருவின் ஒரே பக்கத்தில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண் இட்டிருக்கிறார்கள். அங்கே குடியிருக்கும் ஒருவரின் வீட்டுக்கு இடப்புறம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம் என்றால், அவர் வீட்டு எண் என்ன? பழைய எண், புதிய எண், 16க்கும் 17க்கும் நடுவே ஒரு 16/1 என்று கிடக்கும் நம் பெங்களூரு கிராஸ்களில் இந்தப் புதிர் செல்லாது. மூலப் புதிரில் வருவது பெல்ஜியத்தின் லூவென் நகரம்.

இரண்டு விடைகளுமே சரிதான். 8 வீடுகள் உள்ள தெருவில் 6ஆம் வீட்டுக்கு முன்னால் 1 முதல் 5 வரை கூட்டினால் 15. பின்னால் உள்ள 7ஐயும் 8ஐயும் கூட்டினாலும் 15. 288 வீடுகள் உள்ள தெருவில் 204ஆம் வீட்டுக்கு இருபுறமும் 20,706 வருகிறது. மூலப் புதிரில் வீடுகள் 50க்கு மேல், 500க்குள் என்ற வரம்பு இருப்பதால் 204 மட்டுமே தேறும்.

இவற்றுக்கு நடுவில் வேறு விடை உண்டா என்று நேயர் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். ஒரு விடை கிடைத்ததும் புதிரை மூடி வைத்துவிடாதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். 1914 டிசம்பரில் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் வந்த இந்தப் புதிரை, தாமே எண்களைப் போட்டுப் பார்த்து விடை கண்டுவிட்ட, பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகலனோபிஸ், கேம்பிரிட்ஜில் ராமானுஜனின் அறைக்குச் சென்றபோது அவரிடம் சொன்னார். அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்த ராமானுஜன், எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒரு தொடர் பின்னத்தை, அதாவது பகுதிக்குள் மீண்டும் ஒரு பின்னம் என்று நீண்டுகொண்டே போகும் பின்னத்தைச் சொன்னார். 204 மட்டுமன்று, எத்தனை நீளத் தெருவானாலும் வரக்கூடிய எல்லா விடைகளும் அதில் அடங்கியிருந்தன.

அதை நண்பர்களோடு நீங்களும் போட்டுப் பார்க்கலாம். 2இன் வர்க்கமூலத்தை நெருங்கி வரும் பின்னங்களை எழுதுங்கள்: 3/2, 7/5, 17/12. ஒவ்வொன்றிலும் தொகுதியையும் பகுதியையும் பெருக்கினால் 6, 35, 204 என வீட்டு எண்களே வருகின்றன! அடுத்த பின்னத்துக்கு 17ஐயும் 12ஐயும் கூட்டுங்கள், பகுதி 29; அதனுடன் பழைய 12ஐக் கூட்டுங்கள், தொகுதி 41. பெருக்கினால் 1189, அந்தத் தெருவில் 1681 வீடுகள் இருக்கும். வேண்டுமானால் கூட்டிச் சரிபாருங்கள்.

பந்தயத்தைப் பொறுத்தவரை, 50, 500 என்ற வரம்பைச் சொல்லாமல் புதிரைப் போட்டவர் எவரோ அவரே மசால் தோசை வாங்கித் தரட்டும் என்பது என் தீர்ப்பு.